கூட்டத்தில் குழந்தையின் கை நழுவாமல் இருக்க

கேள்வி: சென்ற பயணத்தில், ரயில் நிலையத்தில் எங்கள் 4 வயது மகள் சில நிமிடங்கள் காணாமற்போய்க் கிடைத்தாள். 7 வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அடுத்த பயணத்தில் எப்படி எச்சரிக்கையாக இருப்பது?

பதில்: பெட்டிகளை இறக்கும்போதும் சீட்டு வாங்கும்போதும், "அவர் பார்த்துக்கொள்வார்" என்று பெற்றோர் இருவருமே நினைத்துவிடும் அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் குழந்தையின் கை நழுவுகிறது. ஆகவே, எந்தக் குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள்.

புறப்படும் நாளன்று, அணிந்திருக்கும் உடையுடன் இருவரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. உங்கள் கைப்பேசி எண்ணை மகளின் சட்டை உட்புறத்தில் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவரும் உரிமையோடு பெயர் சொல்லி அழைக்க அது வழிசெய்யும். மகன் அந்த எண்ணை மனப்பாடம் செய்யட்டும்.

"அந்நியரிடம் பேசாதே" என்று மட்டும் சொல்லி வளர்த்த குழந்தை, தவறிப்போன நேரத்தில் உதவி கேட்கவும் அஞ்சும் என்பதால், சீருடை அணிந்த ஊழியரையோ குழந்தைகளோடு இருக்கும் ஒரு தாயையோ அணுகலாம் என்று சொல்லிக்கொடுங்கள். நின்ற இடத்தைவிட்டு நகராமல், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் பழக்குங்கள். "அம்மா" என்றால் கூட்டத்தில் பத்துப் பேர் திரும்புவார்கள். வீட்டிலேயே விளையாட்டாக ஒத்திகை பாருங்கள்.

மீண்டும் அப்படி நேர்ந்தால், ஒருவர் அதே இடத்தில் நிற்க, மற்றவர் தாமதிக்காமல் ஊழியர்களிடம் தெரிவித்துவிட்டு, நீர்நிலை, தண்டவாளம், சாலை ஆகியவற்றின் பக்கம் முதலில் தேடுங்கள்.