வெள்ளைக்காரன் ஊருக்குத்தான் பட்டமா?

கேள்வி: நம் மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுன் வெள்ளைக்காரன் கட்டிய ஊர். அதற்கு உலகப் பாரம்பரியத் தலம் என்ற பட்டம். காட்டை வெட்டி, மலேரியாவில் செத்து, ரப்பர் பால்மரம் நட்ட நம் தோட்டங்களை யுனெஸ்கோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது ஓரவஞ்சனை இல்லையா?
– ஓய்வுபெற்ற தண்டல் (தோட்டக் கங்காணி), சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் கேள்வியில் பாதி தவறு.

பிரான்சிஸ் லைட் 1786இல் வந்து கொடி நட்டதற்காக ஜார்ஜ் டவுனுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து அதைப் பட்டியலில் ஏற்றியபோது மூன்று காரணங்கள் சொன்னார்கள். ஐரோப்பாவிலிருந்து இந்தியா, மலாய்த் தீவுகள் வழியாகச் சீனா வரை நடந்த வணிகம் அங்கே பண்பாடுகளைக் கலக்கவிட்டது. ஆசியாவின் பல சமயத்தாரும் பக்கம் பக்கமாக வாழ்ந்ததற்கு அந்த ஊர் இன்றும் உயிருள்ள சாட்சி. அந்தக் கலப்பில் பிறந்த கடைவீடுகளுக்கும் தெருக்களுக்கும் கிழக்காசியாவிலும் தெற்காசியாவிலும் ஈடு இல்லை. இதில் துரைமார் ஒரு பங்குதான். குயின் ஸ்திரீட்டில் 1833 முதல் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலையும், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் எடுத்துவிட்டால் அந்தச் சாட்சி பாதி ஊமையாகிவிடும். தமிழகத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டில் முதலில் கால் வைத்தது பினாங்கில்தான். அது நம் ஊரும்தான், ஐயா.

யுனெஸ்கோ தானாகத் தேடி வராது. நாடுதான் விண்ணப்பிக்க வேண்டும். உத்தேசப் பட்டியலில் ஓராண்டாவது பெயர் இருக்க வேண்டும். அதன்பின் தடிமனான கோப்பு. பிறகு இக்கோமோஸ் என்ற அமைப்பின் நிபுணர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். ஊர் அழகாக இருக்கிறதா என்பது அவர்களுக்குக் கணக்கில்லை. உலகத்துக்கே பொருட்படும் சிறப்பு இதில் என்ன? அதைக் காட்டும் பகுதிகள் சிதையாமல் இருக்கின்றனவா? நிற்பது அசலா, நேற்றுக் கட்டிப் பழமை பூசியதா? நாளைக்கு எந்தச் சட்டத்தால், யார் காப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் கழுத்தைப் பிடிக்கும். ஜார்ஜ் டவுனின் பாரம்பரியப் பகுதியில் கட்டடம் 18 மீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டம் வாங்கிய சூட்டிலேயே உயரமான ஹோட்டல் திட்டங்களால் பிரச்சினை வந்தது. 2004இல் பட்டியலில் ஏறிய லிவர்பூலை, துறைமுகக் கரையில் எழுந்த புதுத் திட்டங்களுக்காக 2021இல் நீக்கியே விட்டார்கள்.

தோட்டத்துக் கூலிக்காரனை உலகம் மதிக்கவில்லை என்பதும் சரியில்லை. மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்ற இடம் இருக்கிறது. பரப்பு வெறும் 1,640 சதுர மீட்டர். அரண்மனையோ கோபுரமோ அங்கே இல்லை. 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை இறக்கிப் பதிவு செய்த கொட்டகைகளின் மிச்சமும், அவர்கள் ஏறி வந்த படிகளும்தான். 2006இல், அதாவது ஜார்ஜ் டவுனுக்கு இரண்டு ஆண்டு முன்பே, உலகப் பாரம்பரியத் தலமானது. வந்தவர்களின் பதிவேடுகளையும் படங்களையும் அந்த நாடு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. பேரன் போய்த் தாத்தா பெயரைத் தேடலாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது நான் போயிருந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அதற்குள் செம்பனைக் கன்று வைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டாயின் தூண் ஒன்று மட்டும் நின்றது. தொட்டில் கட்டிய கயிறு அறுத்து அறுத்து அதில் பள்ளம் விழுந்திருந்தது. ஆபீஸ் வாசலில் பழைய செக்ரோல் (வேலையாள் பதிவு) புத்தகங்கள் மூட்டையாகக் கிடந்தன. ஒன்றைப் பிரித்தேன். பெயர், நிரை (மர வரிசை) எண், பால் எடை, பக்கத்தில் கிராணியின் (எழுத்தரின்) சிவப்பு மைப் புள்ளி. ‘ஒன்று தாருங்கள்’ என்று கேட்டேன், கொடுக்கவில்லை. மறுநாள் போனபோது சாம்பல்தான் இருந்தது. கோயில் சாமான்களைக் கண்ணீரோடு எடுத்துப் போன நம் ஆட்களில் ஒருவரும் அந்த மூட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

யுனெஸ்கோ இருக்கட்டும். நம் நாட்டிலேயே 2005இன் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. அதற்கு மனுப் போடவும் கையில் சான்று வேண்டும். நீங்கள் தண்டலாக இருந்தவர். எந்த நிரை யாருடையது என்று உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். லயம், பெரட்டுக் களம், பால் ஸ்டோர், கிணறு எல்லாம் எங்கெங்கே இருந்தன என்று ஒரு தாளில் வரைந்து, வீட்டுக்கு வீடு குடியிருந்தவர் பெயரையும் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த இதழில் முழுப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.