காய்ச்சலும் கருப்புப் பொருக்கும்

கேள்வி: கடலைக் கொல்லையில் களையெடுத்து வந்த என் கணவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், கடும் தலைவலி. டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்தது. தட்டணுக்கள் மட்டும் குறைந்திருக்கின்றன. இடுப்பில் கருப்பாக ஒரு புண், வலி இல்லையாம். மாட்டு உண்ணி கடித்ததால் வந்த காய்ச்சலா? வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டுமா?
– வாசகி, ஆரணி

பதில்: உண்ணிக் காய்ச்சலாக, அதாவது ஸ்க்ரப் டைபஸாக, இருக்க நிறைய வாய்ப்புண்டு. இன்றே டாக்டரிடம் அழைத்துப்போய் அந்தப் புண்ணைக் காட்டுங்கள். பலர் அதைச் சொல்வதே இல்லை; வலியும் அரிப்பும் இல்லாததால் நோயாளிக்கே தெரிவதில்லை.

சிகரெட்டால் சுட்டதுபோல நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம்: இதுதான் அடையாளம். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, தொப்புள், காதின் பின்புறம், விதைப்பை என மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். நல்ல வெளிச்சத்தில், துணியை விலக்கித் தேட வேண்டும். வியர்வை தங்கும் மடிப்புகளில் பொருக்குக் கட்டாமல் ஈரப்புண்ணாகவே இருக்கும். பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

கடித்தது மாட்டு உண்ணி அல்ல. புல், புதரில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவப் புழு. கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். அதனால் இரண்டு, மூன்று வாரம் முன்பு எங்கே வேலை செய்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையான ஐஜிஎம் எலிசா, காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்தாறு நாளில் நெகட்டிவ் என்று வரலாம். பொருக்கு தெரிந்தால் டாக்டர்கள் ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., காலை, இரவு, 7 நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். மெடிக்கலில் கேட்டு வாங்கும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் இதற்கு உதவாது. கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்கிறது. அந்த மருந்துகள் அங்கே வேலை செய்வதில்லை. அவற்றை நம்பி ஒரு வாரம் கழிவதுதான் ஆபத்து.

டாக்ஸிசைக்ளினை உணவுக்குப் பின், உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். பால், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து கூடவே வேண்டாம். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் மறுபடி போங்கள்.

மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத்தான்.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது ஒட்டாது. ஆனால் அதே கொல்லையில் வேலை செய்த மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவர்கள் உடம்பிலும் பொருக்கைத் தேடுங்கள்.