கெர்னல் எப்போது ஓடுகிறது?

அன்புள்ள ஐயா,

கடலூர் ஓ.டி.யிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய் பி.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர். டெட்லாக்குக்கு நான்கு நிபந்தனைகள், கேன்ட் சார்ட், பேங்கர்ஸ் அல்காரிதம் கணக்கு எல்லாம் போட்டுவிடுகிறேன். இன்டர்னலில் நல்ல மார்க். ஆனால் எதுவும் புரிந்த மாதிரி இல்லை. வெப் டெவலப்மென்ட் வேலைக்குத்தான் போகப்போகிறேன். மனப்பாடம் செய்து தாண்டிவிடலாமா?

ம., கடலூர்

அன்புள்ள ம.,

தாண்டிவிடாதீர்கள். மார்க் வந்தும் உறுத்துகிறது என்றால் பாடம் உங்களைத் தொட்டுவிட்டது.

கட்டளைகளை நிறைவேற்றும் கோர் ஒன்றே ஒன்று உள்ள கம்ப்யூட்டரில் நீங்கள் எழுதிய புரோகிராம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே முடிவில்லாத லூப். அது ஓடும்போது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் ஓடவில்லை, வெறுமனே மெமரியில் கிடக்கிறது. ஓடாத ஒன்று, ஓடுவதை எப்படி நிறுத்தும்?

இந்தப் பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில் இருப்பதாக நினைக்கிறேன். கோரை உங்கள் புரோகிராமிடம் கொடுப்பதற்கு முன்பே கெர்னல் டைமரை வைத்துவிடுகிறது. நேரம் வந்ததும் ஹார்டுவேர் குறுக்கிட்டு, கெர்னல் குறித்துவைத்த முகவரிக்குத் தாவுகிறது. சாதாரண புரோகிராம்கள் ஓடும் யூசர் மோடில் இருப்பவரால் இந்தக் குறுக்கீட்டை, அதாவது இன்டரப்டை, அணைக்க முடியாது. கெர்னல், கோருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சின்னச் சேமிப்பிடங்களின் மதிப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு, அடுத்து யார் என்று பார்க்கிறது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று கோரைச் சுற்றிவிடும் ரவுண்ட் ராபின் கணக்கில், கேன்ட் சார்ட்டின் கட்டங்களுக்கு நடுவே நீங்கள் போடும் மெல்லிய கோட்டுக்குள் இத்தனை வேலை நடக்கிறது.

இன்டரப்ட் எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் வரலாம். ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை உள்ளே விடாத லாக் தேவைப்படுவது அதனால்தான். உங்கள் வெப் வேலையிலும் இதுவே வரும்: சென்னை பஸ்ஸில் ஒரு சீட் பாக்கி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டுகிறார்கள், இருவருக்கும் ‘1 காலி’ என்றே தெரிகிறது. லாக் இல்லாவிட்டால் இருவருக்கும் டிக்கெட் போய்விடும்.

ஒன்றுக்கொன்று காத்து எல்லாம் முடங்கும் டெட்லாக்கைத் தவிர்க்க, பேங்கர்ஸ் அல்காரிதம் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா தந்த அழகான யோசனை, மார்க்குக்குப் போடுங்கள். ஆனால் லினக்ஸ் தன் லாக்குகளை அப்படிக் கையாள்வதில்லை. எந்த லாக்கை முதலில் எடுப்பது என்று எழுதுபவர்களே வரிசை வகுத்துக்கொள்கிறார்கள். பாடத்திட்டம் அந்தக் கணக்குக்கு இவ்வளவு இடம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த நேரத்தை எக்ஸ்வி6க்குக் கொடுங்கள். 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைத் தழுவி, பாடம் நடத்துவதற்காகவே எம்.ஐ.டி.யில் 2006இல் எழுதிய சின்ன கெர்னல் அது. லினக்ஸ் கோடிக்கணக்கான வரிகள். இது பத்தாயிரத்துக்கும் குறைவு. இலவசம், கியூஇமு எமுலேட்டரில் ஓடும். ரிஸ்க்-ஃபைவ் வகை பிராசஸருக்கான இப்போதைய பதிப்பில், ஒரு பிராசஸிலிருந்து (ஓடும் புரோகிராமிலிருந்து) இன்னொன்றுக்கு மாறும் இடம் 14 ரெஜிஸ்டர்களைச் சேமித்து 14ஐ ஏற்றுகிறது. அவ்வளவுதான்! அடுத்து யார் என்று தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் ஃபங்ஷனை அச்செடுத்தால் புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸிலேயே படித்துவிடலாம்.

படித்த பிறகு ஒன்று செய்யுங்கள். டைமர் இன்டரப்ட் வந்ததும், கோரை விட்டுக்கொடுக்கும் ‘யீல்ட்’ ஃபங்ஷனைக் கூப்பிடும் வரிகளை நீக்கிவிட்டு, ஒரே கோரில் கெர்னலைக் கிளப்பி, ஒரு முடிவில்லாத லூப்பை பின்னணியில் ஓடவிடுங்கள். லூப் கோரைப் பிடித்ததும், நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கிச் செய்யும் ஷெல் எழுந்து வராது. ஆனால் கீபோர்டில் தட்டும் எழுத்துகள் மட்டும் திரையில் தெரியும். ஷெல் ஓடாதபோது அவற்றைத் திரைக்கு அனுப்பியது யார் என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.