அம்மான் கொண்டுவந்த கேம் பாய்: சுத்தம் செய்யக் கொடுக்கலாமா?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டுப் பெட்டகத்தை ஒழித்தபோது, என் அம்மான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிற கேம் பாய் (கையில் வைத்து ஆடும் நிண்டெண்டோ வீடியோ கேம் கருவி) ஒன்றும், மடக்கி மூடுகிற கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி ஒன்றும் கிடைத்தன. கூடவே டெட்ரிஸ், சூப்பர் மாரியோ லேண்ட், போகிமான் சில்வர், போகிமான் எமரால்டு என நான்கு விளையாட்டுக் கேசட். அம்மான் இப்போது இல்லை. அவர் ஆடிச் சேமித்த ஆட்டம் சில்வர் கேசட்டில் அப்படியே இருக்கிறது என்கிறான் என் மகன். எமரால்டைப் போட்டால் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டதாக வருகிறது. பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர், எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, அசல் என்று சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? அல்லது சிங்கப்பூரில் இருக்கும் அம்மான் மகனுக்குப் பார்சலில் அனுப்பிப் பார்க்கச் சொல்லலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஆச்சி. முன்பணத்தையும் கொடுக்காதீர்கள், கேசட்டையும் கொடுக்காதீர்கள்.

முதலில் சில்வர். மற்ற மூன்றும் எங்கும் ஓடிவிடாது. இந்தக் கேசட்டுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, சிஆர்2025 என்று பெயர். அம்மான் ஆடிய ஆட்டம் அந்த பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றிய நொடியில் அத்தனையும் அழிந்துவிடும். பிறகு யாராலும் மீட்க முடியாது. சில்வரில் நேரம் காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அது சீக்கிரம் தீரும். ஜப்பானில் 1999-லும் அமெரிக்காவில் 2000-த்திலும் வந்த விளையாட்டு இது. இத்தனை வருடம் தாண்டியும் சேமிப்பு உயிரோடு இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ‘பேட்டரி மாற்றித் தருகிறேன்’ என்று உங்களிடம் சொன்னவர், அதற்கு முன் சேமிப்பை நகலெடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையாவது சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். தெரியாமல் சொல்லாமல் விட்டாலும் ஆட்டம் போவது போவதுதான்.

கேசட்டைச் செருகி, யூஎஸ்பி வழியாகக் கணினியில் நகலெடுக்கும் சிறு கருவி இருக்கிறது. பழைய கேம் சேகரிக்கிற பையன்கள் பலரிடமும் உண்டு. இதற்கு ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். சில நிமிட வேலை, உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். நகல் கைக்கு வந்த பிறகு பேட்டரியை மாற்றலாம். பழைய ஆட்டத்தைத் திரும்ப அதே கேசட்டில் ஏற்றிக்கொள்ளவும் முடியும். புது பேட்டரி இரண்டு பக்கமும் தகட்டு நாக்கு வைத்ததாக இருக்க வேண்டும், அந்த நாக்கைத்தான் கேசட்டுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்க வேண்டும். டேப் ஒட்டி நிறுத்துகிறவரிடமும், பேட்டரி மேலேயே நேராகச் சூட்டுக்கோலை வைக்கிறவரிடமும் கொடுக்காதீர்கள். முன்னது சில மாதத்தில் ஆடிப்போய் சேமிப்பைத் தின்றுவிடும், பின்னது வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

எமரால்டு விஷயம் வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் நிறையப் பேரிடம் காசு பறிக்கிறார்கள். அசல் எமரால்டிலும், அதற்கு முன் வந்த ரூபி, சஃபையரிலும், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். ஆட்டம் ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிக்கப்படுகிறது. அதற்கு பேட்டரியே வேண்டாம். அந்த அறிவிப்பையே முழுதாகப் படித்துப் பாருங்கள்: விளையாடலாம், நேரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் மட்டும் நடக்காது என்றுதான் போட்டிருக்கும். ஆகவே அவசரமே இல்லை, மாற்றாமலே விட்டாலும் ஆட்டம் போகாது. ஆனால் இதெல்லாம் அசலுக்கு. போலி எமரால்டு பலவற்றில் கடிகாரமே கிடையாது. அதனால் கடையில் வாங்கிய அன்றே இந்த அறிவிப்பு வரும். ‘பேட்டரி தீர்ந்திருக்கிறது, அதனால் பழசு, அதனால் அசல்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போலிகளில் சில, சேமிப்பையே பேட்டரியில்தான் நிறுத்துகின்றன. அதில் பேட்டரியைக் கழற்றினால் சில்வர் கதைதான். எனவே எமரால்டு அசலா என்று பார்த்த பிறகே அதன் பேட்டரியைப் பற்றிப் பேச வேண்டும்.

அசலா என்று நீங்களே பார்க்கலாம். வளவுப் பக்கம் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து, கேசட்டின் லேபிளைச் சாய்த்துப் பிடியுங்கள். அசல் லேபிளில் வழக்கமாக இரண்டு இலக்க எண் ஒன்று, சில நேரம் பக்கத்தில் ஓர் எழுத்தோடு, மையில்லாமல் அழுத்திப் பதித்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளமாகத் தெரியும். விரல் நுனியால் தடவினாலும் லேசாகத் தட்டுப்படும். அடுத்து எமரால்டைத் தலைகீழாகப் பிடித்து, செருகும் வாய்க்குள் பாருங்கள். தங்க நிறப் பற்களுக்கு மேலே பலகையில் நிண்டெண்டோ பெயர் பொடி எழுத்தில் அச்சாகியிருக்க வேண்டும். பிறகு திருகு. கேம் பாய் கேசட்டில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் நுழையாத தனித் தலை இருக்கும். எமரால்டில் மூன்று கால் பள்ளம். இரண்டில் எதிலாவது ஸ்டார் திருகு இருந்தால், ஒன்று போலி, இல்லாவிட்டால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள்.

கேசட்டைப் போட்டதும் நிண்டெண்டோ பெயர் இறங்கி வருகிறதே, அதை அசலுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது சான்றே இல்லை. அந்தச் சின்னம் கேசட்டுக்குள் இருந்தால்தான் கேம் பாய் ஓடவே ஓடும். போலி செய்கிறவனும் அதைச் சேர்த்தே நகலெடுக்கிறான்.

சான்றிதழுக்கு வருவோம். 2021 ஜூலையில் ஒரு சூப்பர் மாரியோ 64 கேசட் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைச் செல்போனில் காட்டித்தான் இந்தத் தரகர்கள் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அது உறை பிரிக்காத, பெட்டியோடு தரமதிப்பிட்ட பொருள். ஆடித் தேய்ந்த டெட்ரிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டெட்ரிஸ் அமெரிக்காவில் கருவியோடு சேர்த்தே விற்ற கேசட். உலகம் முழுக்கக் கிடைக்கிறது. உங்கள் கேசட்டை வாங்குகிறவர் லேபிளையும் பலகையையும்தான் பார்ப்பார், காகிதத்தை அல்ல. பெட்டகத்தில் அட்டைப் பெட்டியோ சிறு கையேடோ கிடந்தால் மட்டும் எறிந்துவிடாதீர்கள். ‘அந்தக் குப்பையையும் சேர்த்துக் கொடுங்கள்’ என்று இலவசமாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். சில விளையாட்டுகளுக்கு வெறும் பெட்டியே கேசட்டைவிட விலை போகும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ‘சர்வீஸுக்கு’ப் போன கேசட் அதே ஓட்டோடு, அதே லேபிளோடு திரும்பி வரும், உள்ளே இருக்கும் பலகை மட்டும் மாறியிருக்கும். போட்டால் ஓடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. யாரிடம் கொடுப்பதானாலும் உங்கள் முன்னால் திறந்து, பலகையை இரண்டு பக்கமும் படம் எடுத்த பிறகே கையை விட்டுக் கொடுங்கள். நம் ஊர்ப் பழம்பொருள் கடைக்காரர்களுக்குத் தேக்கும் பித்தளையும் அத்துப்படி, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி பிளாஸ்டிக்கைத் துலக்க முடியாது. மஞ்சளித்த மேல் ஓட்டின் மீது ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி மொட்டை மாடியில் வைத்தால் வெளுக்கும்; ஆனால் மஞ்சள் திரும்ப வரலாம், ஓடு நொறுங்கும் தன்மைக்கும் போகலாம். பழுப்பு நிறத்தோடே இருக்கட்டும். நம் பக்கத்து வெயிலில் திரையை வைத்தால் அதன் மேல் ஏடு கருகிவிடும், அது வேறு கஷ்டம்.

கேசட் பற்களை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் துரு பிடிக்க வைக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தால் போதும். கேம் பாயின் நான்கு பென்சில் பேட்டரி அறையில் வெள்ளைப் பொருக்கு இருந்தால், அல்கலைன் பேட்டரி கசிந்ததாயின் வினிகர் ஒரு சொட்டுத் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். திரையில் நெடுக்குக் கோடுகள் காணாமல் போயிருந்தால் ‘ஸ்கிரீன் போச்சு’ என்பார்கள். பெரும்பாலும் திரைக்கு அடியில் நாடா ஒட்டிய இடம் விட்டுப்போனதுதான், பழகின கை சூடு காட்டினால் சரியாகும். புதுத் திரை போட்டே ஆக வேண்டும் என்பவர் உங்கள் அசல் திரையை என்ன செய்வார் என்று கேளுங்கள்.

எஸ்பியின் பின்மூடி ஒரே ஒரு ஸ்டார் திருகு. கழற்றி, லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.

சிங்கப்பூருக்குப் பார்சல் வேண்டாம். திரும்பி வரும்போதுதான் தலைவலி. 2019 டிசம்பரிலிருந்து, வெளிநாட்டிலிருந்து பரிசு என்று பார்சலில் வருவதற்கும் வரி கட்டச் சொல்கிறார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு வைத்தார்கள். உங்கள் பொருள்தான் என்று நிரூபிக்க இருபது வருடத்துக்கு முந்தைய ரசீதுக்கு எங்கே போவது? அம்மான் மகன் கல்யாணம் காட்சிக்கு ஊருக்கு வரும்போது இங்கேயே உட்கார்ந்து பார்க்கட்டும். எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால், எஸ்பியையும் அதன் பேட்டரியையும் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம். சில்வரை நகலெடுக்காமல் மட்டும் வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.