எந்த இரவு?

கேள்வி: அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசை) பாடகி லொரெட்டா லின், ஒரே பாட்டில், ஒரே இரவில் புகழ் பெற்றாராமே?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: இந்த 'ஒரே இரவில்' என்ற சொல்லை எத்தனை முறை அடித்தாலும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரே இரவில் பொங்குவது இட்லி மாவு ஒன்றுதான். அதற்கும் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஊறவைத்து, உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பந்து பந்தாக ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைக்க வேண்டும். உளுந்து ஆட்டியது போதாவிட்டால் விடிந்தாலும் மாவு வைத்த இடத்திலேயே கிடக்கும்.

லொரெட்டா கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 15 வயதில் கல்யாணம். வாஷிங்டன் மாநிலத்து கஸ்டரில் குடித்தனம். 1953-இல் கணவர் 17 டாலருக்கு ஒரு ஹார்மனி கிட்டார் வாங்கித் தந்தார். சொல்லித்தர ஆளில்லை, தானே கற்றார். அந்த விலைக் கிட்டார்களின் வழக்கமான நோய் ஒன்று உண்டு. கம்பிகளின் இழுப்பில் கழுத்து வளைந்து, கம்பிகள் உயர்ந்துவிடும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். 12-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் என்றால் விரல் தாங்கும். நாலு ஆனால் நுனி புண்ணாகும், அழுத்துகிற வேகத்தில் சுருதியும் ஏறும். கம்பிகள் உட்காரும் சேடிலின் அடியைத் தேய்த்து இறக்கலாம். ஒரு மில்லிமீட்டர் குறைய இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கூடப் போனால் கம்பி ஃப்ரெட்டில் இடித்து இரையும்.

அப்படி விரல் காய்த்து, மதுக்கடை மேடைகளில் பாடி, முதல் இசைத்தட்டு பதிவானது 1960 பிப்ரவரியில். வெளியிட்ட ஜீரோ ரெக்கார்ட்ஸ் மிகச் சிறிய கம்பெனி. கணவனும் மனைவியும் வானொலி நிலையங்களுக்குத் தட்டுகளைத் தபாலில் அனுப்பியது போதாதென்று, காரிலேயே தூங்கி, நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார்கள். இந்த அலைச்சல் வீண் இல்லை. தபாலில் வந்த தட்டு கட்டோடு கிடக்கும். பாடியவரே எதிரில் வந்து நின்றால் அறிவிப்பாளர் ஊசியை வைத்துத்தான் பார்ப்பார். பில்போர்டு இசை இதழின் கன்ட்ரி பட்டியலில் பாட்டு 14-ஆம் இடம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 15-இல் நாஷ்வில் நகரத்தின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓலே ஆப்ரி மேடை. அங்கே உறுப்பினரானது 1962-இல். பட்டியலில் முதலிடம் 1967-இல். கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைத் தந்தது 1972-இல். அதை வாங்கிய முதல் பெண் இவர்தான்.

கிட்டார் வந்ததிலிருந்து அந்த முதலிடம் வரை ஏறத்தாழ ஐயாயிரம் இரவுகள். நீங்கள் சொல்வது இதில் எந்த இரவு?