கொட்டாஞ்சேனையா, வெள்ளவத்தையா?

கேள்வி: என் மகளுக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. நானும் கணவரும் அவளோடு கொழும்புக்கு வந்து இருக்கப் போகிறோம். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், ஐந்தாம் மாடி. மற்றது கொட்டாஞ்சேனையில் என் மச்சாள் வீட்டுக்குப் பக்கத்தில் கீழ்வீடு, வாடகை பாதிதான். கனடாவில் இருக்கும் தம்பி, "கொட்டாஞ்சேனையில் ஒரே துப்பாக்கிச் சூடு, அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீங்கோ" என்கிறான். இவரோ இரவிரவாக இணையத்தில் குற்றக் கணக்குத் தேடுகிறார். எது பாதுகாப்பான இடம் அக்கா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அன்புள்ள தங்கச்சி, முதலில் உங்கள் கணவரைக் கொஞ்சம் நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். அவர் தேடுவது அந்தக் கணக்கில் கிடைக்காது. பாரதூரமான குற்றங்கள் என்று பொலிஸ் திணைக்களம் வருடா வருடம் ஒரு கணக்கு வெளியிடுகிறது. அது பொலிஸ் பிரிவு வாரியாக இருக்கும். ஒரு பிரிவுக்குள் எத்தனையோ வீதி, எத்தனையோ ஆயிரம் வீடு. நீங்கள் குடிபோகும் லேனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆனால் ஒன்றை அதில் கவனியுங்கள். நாடு முழுவதும் வருடத்துக்குக் கொலைகள் சில நூறு என்றால், வீடு உடைத்துத் திருடுவது ஆயிரக்கணக்கில். நீங்கள் பயப்பட வேண்டியது எதற்கு என்று அதிலேயே தெரிகிறதல்லவா?

அந்தக் கணக்கில் ஏறுவது பொலிஸில் எழுதப்பட்ட முறைப்பாடு மட்டும்தான். இதை நான் அனுபவப்பட்டே சொல்கிறேன். 2011இல் வெள்ளவத்தையில் ஒரு கீழ்வீட்டில் இருந்தோம். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்பினால், குளியலறை ஜன்னலில் நாலு லூவர் கண்ணாடியைக் காணவில்லை. நாலும் மதிலோரம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. உள்ளே என் அம்மாவின் இரண்டு காப்பும் மகனின் லேப்டொப்பும் போயிருந்தன.

நாங்கள் பொலிஸுக்குப் போகவில்லை. "போனால் எங்கட அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும்தான் கேட்பாங்கள், விடும்" என்றார் என் கணவர். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கும் மலையகத்துக்கும் அனுப்பினார்களே, உயர் நீதிமன்றம் மறுநாள் தடை விதிக்கும் வரை. அந்தப் பயம் எங்கள் வீட்டை விட்டுப் போயிருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, மரக்கறி வண்டிக்காரரிடம் வெண்டிக்காய் தெரிந்துகொண்டிருந்தபோது, லேன் முடிவில் இருக்கும் அன்ரி பேச்சுவாக்கில் சொன்னார், அவர் வீட்டிலும் அதே மாதிரி லூவர் கழற்றப்பட்டதாம். எங்களுக்கு மூன்று வாரம் முன்னர். இன்னொரு வீட்டிலும் அதேதானாம். மூன்று வீட்டிலும் ஒருவர்கூட முறைப்பாடு கொடுக்கவில்லை. பொலிஸ் புத்தகத்தின்படி அந்த வருடம் எங்கள் லேனில் திருட்டே நடக்கவில்லை. அன்ரி எங்களிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 2,000 ரூபாய் செலவில் கம்பி அடித்திருப்போம். அம்மாவின் காப்பை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் அதுதான் வலிக்கிறது.

தம்பி சொல்லும் துப்பாக்கிச் சூடு பொய்யில்லை. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். கொட்டாஞ்சேனையிலும் சூடு நடந்திருக்கிறது. பெரும்பாலும் இவை பாதாள உலகக் குழுக்கள் ஆளைக் குறிவைத்துத் தங்களுக்குள் தீர்க்கும் கணக்கு. வழியில் போனவர்களுக்கும் பட்டிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அதற்காக லூசியா தேவாலயத்துப் பக்கம் தலைமுறையாகக் குடியிருக்கும் சனம் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடவில்லை. மாலையில் சந்திக் கடைகளில் ஆட்கள் நிற்கிறார்கள், பிள்ளைகள் ரியூஷன் முடிந்து நடந்து வருகிறார்கள்.

சரி, எந்த வீடு? என்னைக் கேட்டால் மச்சாளுக்குப் பக்கத்து வீடு. நீங்கள் ஒரு கிழமை ஊருக்குப் போனால் மாலையில் லைட் போட்டுவிட ஆள் வேண்டும், மகள் எட்டு மணியாகியும் வரவில்லை என்றால் கேற்றடியில் நின்று பார்க்க ஆள் வேண்டும். ஐந்தாம் மாடியில் பக்கத்துக் கதவுக்காரரின் பெயரே தெரியாமல் வருடக்கணக்கில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். மாடிதான் என்று முடிவெடுத்தால், வாடகைக் காசு கொடுக்கும் முன்னர், இரவுக் காவலாளி உண்டா, அந்தக் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒழுங்காக இயங்குகிறதா என்று கேளுங்கள். பொது இடங்களைப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு.

கொட்டாஞ்சேனையில் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் மகளின் வழி. கொள்ளுப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தைக்குக் காலி வீதிப் பக்கமாக ஒரே பஸ். 100, 101 என்று வந்துகொண்டே இருக்கும். கொட்டாஞ்சேனைக்கு என்றால் கோட்டை, புறக்கோட்டையைத் தாண்ட வேண்டும். கடைகள் பூட்டிய பிறகு புறக்கோட்டை வெறிச்சோடிவிடும். அங்கே இறங்கி பஸ் மாற நிற்கவிடாதீர்கள். பிந்தும் நாட்களில் பிக்மி செயலியில் ஓட்டோ பிடித்து, பயண விபரத்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாடகையில் மிஞ்சும் காசை இதற்கு வையுங்கள். சங்கிலியைச் சட்டைக்குள் விடச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேராக வந்து அறுத்துக்கொண்டு போவது எல்லாப் பக்கமும் நடக்கிறது.

அப்புறம், ஏதாவது நடந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அவசரத்துக்கு 119. பெண்களுக்கு நடக்கும் தொல்லைகளுக்கு 1938. பொலிஸில் தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. நீங்கள் வாயால் சொன்னதை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். சிங்களத்தில் எழுதி நீட்டினால், விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துத் தமிழில் சொல்ல ஆள் வரும் வரை இருங்கள், மச்சாளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நடந்ததைச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மகளோடு பஸ் தரிப்பில் இறங்கி அந்த வீட்டுக் கேற் வரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் லைட் எரியவில்லை என்று பாருங்கள். மாநகர சபையில் சொல்ல வேண்டியது அதை. போன உடனே குளியலறை ஜன்னலையும் பாருங்கள். லூவர் என்றால், சாமான் ஏற்றுவதற்கு முன்னரே கம்பி அடிக்க ஆள் பிடியுங்கள்.