தும்மல் மாத்திரையால் அப்பாவுக்கு மறதி வருமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். லாரிப் புழுதியில் 70 வயது அப்பாவுக்கு ஓயாத தும்மல். ஐந்து வருடமாக ராத்திரி சிபிஎம் (குளோர்பெனிரமின்) என்ற அலர்ஜி மாத்திரை போடுகிறார். இப்போது மறதி. தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமைன் என்ற உடம்பு ரசாயனம் மூளைச் செல்களைக் காக்கும் என்கிறார்களே, அதைத் தடுக்கும் மாத்திரைதான் காரணமா? ஹிஸ்டமைனைக் கூட்டும் பவுடர் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: ஹிஸ்டமைன் காக்கும் என்று நீங்கள் கேள்விப்பட்டது ஆய்வக அளவில் சரிதான். மூளையில் செய்தி கடத்தும் குளுட்டமேட் மிஞ்சினால் நரம்புச் செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து அதைக் கொன்றுவிடும். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களுக்கு ஹிஸ்டமைன் கொடுத்தபோது இந்தச் சாவு குறைந்தது. ஆனால் அந்தக் காவல் நடந்தது ஹெச்2 என்ற வாசல் வழியாக. அப்பாவின் மாத்திரை அடைப்பது ஹெச்1 வாசலை. அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

என் கவலை வேறு. சிபிஎம், அவில் போன்ற பழைய மாத்திரைகள் மூளைக்குள் நுழைந்து, ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலினின் வேலையையும் கெடுக்கும். வயதானவர்களுக்குக் குழப்பம், மறதி, சிறுநீர் அடைப்பு எல்லாம் வரும். ஃபெக்ஸோஃபெனடின் என்ற புதுவகை அலர்ஜி மாத்திரை மூளைக்குள் அநேகமாகப் போகாது. டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று பி12, தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

பவுடர் வேண்டவே வேண்டாம். வாயால் சாப்பிடும் ஹிஸ்டமைன் மூளையின் தடுப்பைத் தாண்டாது. ஹிஸ்டமைன் வயிற்றுக்குள் அதிகம் போனால் என்ன ஆகும் என்பதற்கு மீனே சாட்சி. காசிமேட்டில் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் ஹிஸ்டமைன் ஏராளமாக ஊறும், பொரித்தாலும் போகாது. அதைத் தின்றால் முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். அன்றைக்கு மட்டும் அலர்ஜி மாத்திரை நல்லதே செய்யும். கூடச் சாப்பிட்ட எல்லோருக்கும் அரித்தால் குற்றம் மீனில்தான். ஒருவருக்கு மட்டும் என்றால் மீன் அலர்ஜியாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினால் மாத்திரையைத் தேடி நிற்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சென்ற மாதம் ஒரு பெண் தன் மாமியாரின் மாத்திரைகளைக் காகிதக் கவரில் கொண்டுவந்தார். மூன்று அட்டைத் துண்டுகள். ஒன்றில் பெயர் பாதியோடு கத்தரிக்கப்பட்டிருந்தது, ஒன்றில் தேதியே இல்லை. கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன்: மூன்றும் சளி மாத்திரை, மூன்றிலும் சிபிஎம். டாக்டர் சீட்டு கேட்காமல் நாலு நாலாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்துகள்கூட இப்படித்தான் போகின்றன. சட்டம் இருக்கிறது, வந்து பார்க்க ஆளைக் காணோம். எத்தனை வருடம் இதையே சொல்வது!

பெயரும் தேதியும் தெரிகிற அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருக்கும் இருமல் சிரப் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.